கேட்கும் முன்பே சொன்ன சரி

என் அண்ணனின் சிறுநீரகங்கள் இரண்டும் இனி வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னபோது அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அண்ணன், அண்ணி, நான், என் மனைவி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. கால் வீங்குகிறது என்று காட்ட வந்த அண்ணனுக்கு ஒரே வாரத்தில் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை வரணும்," என்றார் டாக்டர். "ஆனா இவருக்கு நாப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது. கூடப் பொறந்தவங்களோ, வீட்டுக்காரம்மாவோ ஒரு கிட்னி குடுத்தா இன்னும் ரொம்ப வருஷம் நல்லா இருப்பாரு."

அண்ணி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "சார், என்னோட..." என்று வாயெடுத்தார்.

"நான் தாரேன் டாக்டர்," என்றேன்.

அண்ணி பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு புள்ளைகளை வச்சிருக்கீங்க அண்ணி. வீட்டை யாரு பாக்குறது? நான் இருக்கேன்ல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என்னைப் பற்றி நானே நல்லதாக நினைத்துக்கொள்ள அதைவிட நல்ல நிமிடம் எனக்கு வாய்த்ததில்லை.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வண்டியை நிறுத்தியதும் என் மனைவி கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"அண்ணனுக்கு உசுரு போற விஷயம். இதுல என்னத்தைக் கேக்குறது?"

"குடுக்க வேணாம்னு நான் சொல்லப்போறதில்ல. ஊருக்கெல்லாம் சரின்னு சொல்லிட்டு வந்துருவீங்க. வெளியில சொல்லாம விட்ட 'முடியாது' எல்லாம் வீட்டுக்குத்தான் வரும். அதான் கேட்டேன்."

அவள் சொன்னதைக் கோபத்தில் சொன்னது என்று ஒதுக்கிவிட்டேன்.

நான் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளன். மதுரைக்குக் கிழக்கே, திருவாதவூர்ப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா காலத்தில் கொஞ்சம் சொந்த நிலம் வந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு டிராக்டரும் ஓட்டினார். நான் படித்து டவுனுக்கு வந்தேன். ஊரில் யாருக்கு ஆதார் அட்டையில் பெயர் திருத்த வேண்டுமென்றாலும், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கேட்க வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் சரி என்பேன். பாதி நடக்கும், பாதி நடக்காது. நடக்காதபோதும், "அவன் என்ன செய்வான், தங்கமான புள்ள, அலைஞ்சு பாத்திருப்பான்" என்று எனக்காக அவர்களே பேசுவார்கள். அண்ணனுக்கு முசுடு என்று பெயர். டிராக்டர் கேட்டு வந்தால், "நாளைக்கு ஆகாது, வேற ஆளைப் பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் யார் எப்படிப்பட்டவர் என்பது முடிந்துபோன விஷயம். அதில் எனக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பரிசோதனைகள் தொடங்கின. ரத்த வகை பொருந்தியது. அடுத்த ரத்தப் பரிசோதனையும் பொருந்தியது. அதன் பிறகு ஸ்கேனுக்கு வரச் சொன்ன நாளில் கல்லூரியில் செய்முறைத் தேர்வு இருந்தது. தேதியை மாற்றிக் கேட்டேன். மாற்றிய தேதிக்கு முந்தின நாள் எனக்கு இருமல். சாதாரண இருமல்தான். இருமலோடு போனால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நானே முடிவு செய்து போன் பண்ணினேன். மூன்றாவது தடவை என்ன காரணம் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. ஒரு காரணம் சொன்னேன்.

பயமாக இருந்தது. கத்தியை நினைத்துப் பயமா, அதற்குப் பிறகு ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்வதை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குளிக்கும்போது விலாவுக்குக் கீழே கை தானாகப் போய் நிற்கும். ஆனால் கொடுக்க மாட்டேன் என்ற எண்ணம் ஒருநாளும் வரவில்லை. கொடுக்கப்போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆபீஸ் ரூமில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஆளு இந்தக் காலத்துல இருக்காங்களா சார்" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்பதுபோலக் கையை உருவிக்கொண்டேன்.

இரண்டரை மாதம் இப்படிப் போனது. அண்ணன் வாரம் இரண்டு நாள் காலையில் ஊரிலிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் போய் டயாலிசிஸுக்குப் படுத்துவிட்டு மாலையில் திரும்புவார். ஆபரேஷன் எப்போது என்று என்னிடம் அவர் கேட்டதே இல்லை. அண்ணி மட்டும் போனில், "எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சிருச்சா தம்பி?" என்பார். "இன்னும் ஒண்ணு ரெண்டுதான் அண்ணி," என்பேன்.

ஒரு வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே அண்ணனுக்குக் குளிர் எடுத்தது. கழுத்துக் குழாயில் கிருமி தொற்றி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நான்கு நாள் ஐசியூ. கண்ணாடிக் கதவு வழியாக, குளிரில் அண்ணனின் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்தேன். அண்ணி வெளியே தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

அண்ணன் பிழைத்து வந்தார். அடுத்த வாரமே மீதிப் பரிசோதனைகளை முடித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கொடுப்பவர்கள் எல்லோரும் பார்த்தாக வேண்டுமாம்.

ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. முதலில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். 'எனக்குச் சீக்கிரம் கோபம் வரும்', 'பிறர் கேட்டால் மறுக்கத் தயங்குவேன்', 'எடுத்த வேலையைத் தள்ளிப்போடுவேன்' என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று குறிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஃபாரத்துல இருக்கிறவரு ரொம்ப நல்லவரா இருக்காரு சார். கோபமே இல்ல, பயமே இல்ல, எதையும் தள்ளிப்போட மாட்டாரு. இப்படி ஒருத்தரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஸ்கேன் தேதிய மூணு தடவ மாத்தியிருக்கீங்கன்னு ஃபைல்ல இருக்கு."

"காலேஜ்ல பரீட்சை மேடம்."

"சரி. கடைசியா எப்ப சார் ஒருத்தர்ட்ட முடியாதுன்னு சொன்னீங்க?"

யோசித்தேன். போன மாதம், அதற்கு முந்தின மாதம் என்று தேடிப் பார்த்தேன். மனைவியிடம் சொன்னதுதான் வந்தது. தீபாவளிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போக முடியாது என்றது. மகள் ஒரு சனிக்கிழமை பார்க்குக்குப் போகலாம் என்று கேட்டபோது முடியாது என்றது. வெளியாள் ஒருவர் பெயர்கூட வரவில்லை.

"யார்ட்டயும் இல்ல போல இருக்கு மேடம்," என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எல்லா டெஸ்ட்டும் பொருந்தியிருக்கு. ஆனா குடுக்கிறதும் குடுக்காததும் உங்க விருப்பம். உங்களுக்கு வேண்டாம்னு இருந்தா, பொருந்தலைன்னு மட்டும் நாங்க வீட்டுல சொல்லிருவோம். காரணம் யாருக்கும் தெரியாது. ரெண்டு நாள் யோசிச்சிட்டு..."

"அப்படியே சொல்லிருங்க மேடம்."

அவர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. நான் சொன்னது என் காதில் விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வெளியே வந்து வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கண்மாய்த் தண்ணீர் எங்கள் முறைக்கு வரும் நாட்களில் அப்பா, "காலையில யாருடா தண்ணி பாய்ச்ச வாரீங்க?" என்று கேட்பார். "நான் வாரேம்ப்பா" என்று முதலில் நான்தான் சொல்வேன். அண்ணன், "என்னால ஆகாது, எனக்கு ஸ்கூலு இருக்கு" என்பார். அப்பா அவரைத் திட்டிவிட்டு என் தலையைத் தடவுவார். காலையில் நான் எழுந்திருக்க மாட்டேன். அண்ணன்தான் முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார். இது ஒருநாள் இருநாள் அல்ல, வருஷக்கணக்கில் நடந்தது. அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் திட்டு அவருக்கு, தடவல் எனக்கு. நான் சொன்ன சொல்லுக்கே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

அண்ணன் கீழே கேன்டீனில் இருந்தார். முகம் கறுத்து, சட்டை தொளதொளவென்று கிடந்தது.

"ஒத்து வரலையாம்ண்ணே," என்றேன்.

ஒரு நிமிடம் டீ கிளாஸையே பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "விடுறா. ஒடம்பு ஒத்துக்கலைன்னா நீ என்ன பண்ணுவ? டீ குடி."

அந்தக் கையின் கனத்தை இன்றுவரை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.

அண்ணி மறுநாளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். ஒரு தேதியைக்கூட அவர் மாற்றவில்லை. பிள்ளைகளைத் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, சொன்ன நாளுக்கெல்லாம் வந்து நின்றார். ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. அண்ணனுக்கு அன்றே சிறுநீர் வந்தது. அண்ணி நாலைந்து நாளில் எழுந்து நடந்தார். அண்ணன் உடம்பு தேறி வந்தது. பழைய வேகத்தில் இல்லையென்றாலும் அடுத்த பருவத்துக்கு டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஆறுதல் சொல்ல என்னிடம்தான் எல்லோரும் வந்தார்கள். "குடுக்கணும்னு நெனச்சீங்க பாருங்க, அதே பெருசு" என்றார்கள். என் மனைவி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். "உங்க அண்ணிட்ட எப்பச் சொல்லப்போறீங்க?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தது. சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் ஒரு பெரியவர் அண்ணனின் உடம்பை விசாரித்தார். அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று என்னவோ என்னைக் காட்டி, "மொதல்ல இவன்தான் குடுக்க வந்தான் சித்தப்பா. ஒத்து வரலை. இல்லைன்னா இவனோடதுதான் எனக்குள்ள இருந்திருக்கும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்துகொண்டேன்.

அன்று ஊரிலேயே தங்கினேன். மறுநாள் காலை அண்ணன் வயலில் மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, எல்லாம் ஒத்துத்தான் வந்துச்சு."

"எது?"

"கிட்னி. பயந்துட்டேன். பொருந்தலைன்னு சொல்லச் சொல்லிட்டேன்."

அவர் திரும்பவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து மடையைத் திறந்துவிட்டார்.

"நான் ஒன்னைக் கேட்டேனாடா?"

"இல்லண்ணே."

"டாக்டரு சொன்னப்பவும் கேக்கல. பெறகும் ஒரு நாளாச்சும் கேட்டேனா?"

"இல்ல."

"பெறகு ஏன்டா?" அவர் குரல் உயர்ந்தது. "நீ மாட்டேன்னதுல எனக்கு ஒண்ணுமில்ல. பயம் இருக்கத்தான் செய்யும். சரின்னு சொன்ன பாரு, அதான். அன்னைக்கே அவ வாயெடுத்தா. நீ பேசவிடல. மூணு மாசம் அந்தக் கொழாயோட கெடந்தேன். அந்தக் காய்ச்சல்ல போயிருந்தேன்னா?"



மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர் நின்றார். "ஒங்க அண்ணிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அன்றே சொன்னேன். அண்ணி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"எனக்கு மட்டும் பயமில்லாமலா இருந்துச்சு?" என்றார். "பயந்துக்கிட்டேதான் போய்ப் படுத்தேன். ரெண்டு புள்ளையையும் நெனச்சு நெனச்சு ஒடம்பு நடுங்குச்சு. அதை எவர்ட்டயும் சொல்லல."

பிறகு, "அந்த நாலு நாளும் ஐசியூ வாசல்ல உக்காந்திருந்தேன். நீங்களும் வந்து பக்கத்துல உக்காந்தீங்க. எனக்குத் தைரியம் சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு ஆறேழு மாதம் நான் ஊருக்குப் போகவில்லை. நான் போன் பண்ணினால் அண்ணன் எடுப்பார், சுருக்கமாகப் பேசுவார். அண்ணி பேசவில்லை.

அந்த நாட்களில் மனநல டாக்டரை ஒருமுறை போய்ப் பார்த்தேன். அதே படிவத்தை மறுபடி கொடுங்கள், இந்தத் தடவை உண்மையாக எழுதுகிறேன் என்றேன். "அது வேணாம் சார்," என்றார். "யாருக்கெல்லாம் சரின்னு சொல்றீங்கன்னு ஒரு மாசம் எழுதிட்டு வாங்க. அவங்க என்ன கேட்டாங்க, நீங்க எப்ப சொன்னீங்க. அது போதும்."

கல்லூரியில் மிச்சமான ஒரு ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். எழுத எழுத வெட்கமாக இருந்தது. பல தடவை எதிராளி கேட்டே முடிக்கவில்லை. "சார், ஒரு சின்ன..." என்பதற்குள் "பாத்துக்கலாம் சார்" என்றிருக்கிறேன். சிலருக்கு என்ன வேண்டும் என்றே நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் முகம் சுருங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. அந்த முகம் மலர்ந்த பிறகு எனக்கு அவர்களும் மறந்துபோவார்கள், அவர்கள் வேலையும் மறந்துபோகும். இளகின மனசு என்று நாற்பது வருடமாக எனக்குச் சொல்லப்பட்டது இதைத்தான். அதில் இளக்கம் இல்லாமலும் இல்லை. ஐசியூ கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகை பொய் இல்லை. ஆனால் அதன் அடியில் இருந்தது பயம். யாருக்கும் நான் வேண்டாதவனாகிவிடக் கூடாது என்ற பயம். இதைத் தெரிந்துகொண்டதால் என் குணம் மாறிவிடவில்லை. இப்போதும் சரி என்ற சொல்தான் முதலில் நாக்குக்கு வருகிறது. அதை அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பேசாமல் நிற்கும் அந்தச் சில நொடிகள் எனக்குக் கஷ்டமானவை. சிலர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். முன்போலத் தங்கமான பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. மகள் மட்டும், "இப்பல்லாம் சொன்னா சொன்னபடி வந்துர்றீங்கப்பா" என்றாள்.

போன மாசியில் அண்ணியிடமிருந்து போன் வந்தது. சிறுநீரகம் கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அண்ணன் அறுவடை வேலையில் இருந்தார்.

"செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட வரத் தோதுப்படுமா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். செவ்வாய்க்கிழமை செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள்.

"செவ்வாக்கிழமை ஆகாது அண்ணி. வியாழக்கிழமைன்னா முழு நாளும் வாரேன்."

அவர் சற்று யோசித்தார். "வியாழக்கிழமையே போவோம்," என்றார்.

வியாழக்கிழமை ஊரிலிருந்து அண்ணி வந்த பஸ்ஸில் ஒத்தக்கடையில் நானும் ஏறிக்கொண்டேன். அண்ணி ரத்தம் கொடுத்தார், ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்தோம், கேன்டீனில் இட்லி சாப்பிட்டோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது, உப்பை மட்டும் குறையுங்கள் என்றார். திரும்பும்போது அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். அவர் பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். என் நிறுத்தம் வந்தபோது எழுப்பலாமா என்று நின்றேன். கண்டக்டரிடம் அவர் இறங்க வேண்டிய ஊரைச் சொல்லி, அங்கே எழுப்பிவிடச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன்.